சுண்ணாம்புக்குள் இருக்கும் பெயர்

இந்த வருஷம் துரைசாமிக்கு வெள்ளையடிக்கும் முறை எங்கள் வீட்டுக்கு. காலையில் சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கை போகவில்லை.

துரைசாமி என்பது ஜேடர்பாளையம் போகிற வழியில், எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரர் சமாதி. யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சுருட்டு வைத்துக் கும்பிடுவோம்; தை பிறந்தால் சுண்ணாம்பு அடிப்போம். பூச்சின்மேல் பூச்சு ஏறி, கல்லில் வெட்டியிருந்த பெயர் அடியில் போய்விட்டது. சில வருஷங்களுக்கு முன், அப்படி மறைந்துபோன ஒரு பெயரைத் தேடித்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். அவருடையது அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பிழைக்கப் போன குடும்பம். வெள்ளைக்காரர் ஆட்சியில் அந்த வீட்டு அண்ணன் தம்பிகளில் ஒருவர் மட்டும் காவிரிக்கரைக்கு வேலைக்கு வந்து காய்ச்சலில் இறந்தாராம். சேலத்தில் என் காரை வாடகைக்கு எடுத்துக் கல்லறை கல்லறையாகப் பார்த்துக் களைத்துப்போனவரிடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் துரைசாமியைப் பற்றிச் சொன்னது நான்தான். ஏழாவதோடு நின்றவன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது இன்னும் பிடிபடவில்லை.

சுரண்டிப் பார்க்கலாமா என்று அவர் கேட்டதும், பூசாரியான என் பெரியப்பா என்மேல் பாய்ந்தார். "ஏண்டா, உன்ற தோலை உரிச்சுப் பேரு பாத்தா சும்மா இருப்பியா?" பழி என் தலையில் விழுமே என்ற பயத்தில், "பூக் கேட்டுப் பாத்தரலாமுங்க பெரியப்பா" என்றேன். வெள்ளை அரளி, சிவப்பு அரளி இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டோம். வெள்ளை வந்தால் சம்மதம். "நீங்களே எடுங்க அம்மணி" என்றார் பெரியப்பா. அந்த அம்மா எடுத்தது சிவப்பு. அழுவார் என்று பயந்தேன், சிரித்தார். அவர் சொன்னதைக் கைப்பேசி தமிழில் சொன்னது: "எங்கள் வீட்டு ஆண்கள் எப்போதும் இப்படித்தான். எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்."

பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வருஷாவருஷம் தையில் சுண்ணாம்பு அடிக்குமுன் பூ மடித்துச் சம்மதம் கேட்பது இப்போது நான். அந்த அம்மாவுக்கு இனி விமானம் ஏற உடம்பு இடங்கொடுக்காதாம்; தை வந்தால் என்ன பூ வந்தது என்று மட்டும் கேட்பார். இரண்டு இலையிலும் வெள்ளையையே வைத்தால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. சாமி கோபித்தால் என் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ. சுரண்டி வேறொருவர் பெயர் வந்தால் அந்த அம்மா என்ன ஆவாரோ. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கடைசியில் சிவப்பும் வெள்ளையுமாகத்தான் மடித்தேன். அந்த அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, அவரையே ஓர் இலையைக் காட்டச் சொன்னேன். இடது பக்கம் விரலை நீட்டினார். பிரித்தேன். மறுபடியும் சிவப்பு.

அவர் திரைக்குக் கிட்டே வந்து பூவைப் பார்த்தார். பிறகு கைப்பேசி சொன்னது: "இவ்வளவு பிடிவாதமா? அப்படியென்றால் எங்கள் ஆள்தான். சுண்ணாம்பை நன்றாக அடித்துவிடு."

மட்டையை நனைத்தேன். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்த தைக்கும் பூ மடிக்க வேண்டியவன், வெள்ளை வந்தால் சுரண்ட வேண்டியவன் நான்.