சிவப்பு வண்டியின் வலப்பக்கம்

பெண் பார்க்கப் போன வீட்டில் எனக்கு முதலில் காட்டப்பட்டது பெண் அல்ல, இரண்டு கார்கள். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையின் கீழ், பழைய ஜமக்காளம் போர்த்தி இரண்டும் நின்றுகொண்டிருந்தன. அம்மாவும் அக்காவும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். பிற்பாடு எனக்கு மாமனாராக வந்தவர் என் தோளில் கைபோட்டு, "பொண்ணு எங்க தம்பி போய்டப் போவுது, மொதல்ல இதுங்களப் பாருங்க" என்று ஜமக்காளத்தை உருவினார். ஒன்று சிவப்பு. கூரையில்லாதது, என் இடுப்பு உயரம்கூட இல்லை. மற்றது சாம்பல் நிறம், கூரையோடு கொஞ்சம் நீளமாக இருந்தது. இரண்டும் இத்தாலியில் செய்த ஸ்போர்ட்ஸ் கார்கள், இரண்டும் என்னைவிட வயதில் மூத்தவை. நானோ அதுவரை ஒரு மொபெட்கூட வாங்கியிராதவன். பெருங்களத்தூரிலிருந்து மின்சார ரயிலில் போய், ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வாகன விபத்துக் கோப்புகளைப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறவன்.

மாமனாருடையது அந்த ஊரின் பழைய குடும்பம். வயல்களெல்லாம் மனைகளாகிக் கைமாறியபோது அவருடைய பங்காளிகள் புத்திசாலித்தனமாகக் கல்யாண மண்டபம் கட்டினார்கள், கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். இவரோ, ஊட்டிப் பக்கம் இருந்த எஸ்டேட்டை விற்றுவிட்டு வெளிநாடு கிளம்பிய ஒருவரிடமிருந்து சிவப்பு வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்காது என்று தெரிந்த பிறகு, பிரித்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று சாம்பல் வண்டியையும் வாங்கினார். வீட்டுக்கு ஓட்டி வந்த வழியிலேயே அதன்மேலும் ஆசை வந்துவிட்டது, பிரிக்க மனசு வரவில்லை. "ஸ்பேருக்குன்னு வாங்கினதுக்கே இப்போ ஸ்பேர் தேடிகினு கீறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மாமியார் மட்டும் சிரிக்க மாட்டார்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அன்றைக்கும் உள்ளே பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்க, எனக்கு வெளியே பாடம் நடந்தது. சாம்பலுக்கு ஐந்து கியர், சிவப்புக்கு நாலுதான். சாம்பலுக்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், மிதித்தால் மரியாதையாக நிற்கும். சிவப்பை நிறுத்த வேண்டுமென்றால் முந்தின தெருவிலேயே யோசிக்க ஆரம்பிக்க வேண்டும். சாம்பலில் மழை உள்ளே வராது. சிவப்பின் கித்தான் கூரையைப் போட்டுக்கொண்டால் வெளியே நிற்பவனைவிட உள்ளே இருப்பவன் அதிகமாக நனைவான். வேகத்தடை வந்தால் இரண்டையும் கோணலாகத்தான் ஏற்ற வேண்டும், ஆனால் சாம்பல் முனகிக்கொண்டாவது ஏறிவிடும், சிவப்பு அடிவயிற்றை உரசி ஊரைக் கூட்டும். இரண்டிலும் ஸ்டியரிங் எட்ட இருந்தது, பெடல்கள் கிட்ட இருந்தன. கை நீண்டு கால் குட்டையான ஆளுக்கென்று செய்த மாதிரி. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். சிவப்பின் முள் காட்டும் வட்டங்களில் எழுதியிருந்ததெல்லாம் இத்தாலிய மொழி. அந்த வீட்டில் மாமியார்கூட ரேடியேட்டர் தண்ணீரை "ஆக்குவா" என்றுதான் சொல்வார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருந்தது. சாம்பல் வண்டிக்கு நம் ஊர் மாதிரி வலது பக்கம் ஸ்டியரிங். சிவப்புக்கு இடது பக்கம். நம் சாலையில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் ஒரு பஸ் போனால் அந்த பஸ்ஸின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா, முந்தலாமா என்று வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அந்த வேலையைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்த்து வந்தது நான் பார்க்கப் போயிருந்த பெண். சனிக்கிழமை தவறாமல் அப்பாவும் மகளும் சிவப்பு வண்டியில் திருநீர்மலைக் கோயிலுக்குப் போவார்கள். அவள் "போலாம்ப்பா" என்றால் அவர் போவார், "இருப்பா" என்றால் இருப்பார். அவள் சொன்ன பிறகு தானும் ஒரு தரம் பார்த்துக்கொள்வோம் என்று அவர் கழுத்தைத் திருப்பினதே கிடையாது.

இதெல்லாம் தெரியாமல் நான் அன்றைக்கு அந்த வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். "சும்மா ஒரு ரவுண்டு" என்று கிளப்பினார். ஜி.எஸ்.டி ரோட்டில் திரும்பியதும் எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் வந்து சேர்ந்தது. "இன்னா தம்பி, வழி கீதா? போலாமா?" என்றார். நான் தினமும் படிக்கிற கோப்புகளில் பாதி, "முன்னால் சென்ற பேருந்தை முந்த முயன்றபோது" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "வேணாம் சார்" என்றேன். சாலை காலியாக இருந்தபோதும் வேணாம் சார், லாரி வந்தபோதும் வேணாம் சார். பெருங்களத்தூர் வரைக்கும் அந்த பஸ் நின்ற நிறுத்தத்திலெல்லாம் நாங்களும் நின்றோம். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் பின்படியிலிருந்து குனிந்து, "இன்னா சார், நீங்களும் ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

திரும்பி வந்ததும் மாமனார் உள்ளே போய்ப் பேசியது கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. "பையன் தங்கம்தாம்மா. ஆனா அந்த சீட்டுக்கு லாயக்குப் படமாட்டான்." அதற்கு ஒரு பெண்குரல், "வழி இல்லாதப்ப வழி இருக்குன்னு சொல்லலையேப்பா, பத்திரமாத்தானே கூட்டிட்டு வந்தார்" என்றது. நான் என் மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் எனக்காகப் பேசிவிட்டாள். அப்புறம் ஆறிப்போன பஜ்ஜி வந்தது, அவளும் வந்தாள். அந்தப் பஜ்ஜி எனக்கு அமிர்தமாக இருந்தது.

கல்யாணமாகி நாங்கள் பெருங்களத்தூரில் வாடகை வீட்டில் இருந்தோம். மாமனார் எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் சாம்பல் வண்டியில் வந்தார். "சிவப்பு எங்கப்பா?" என்று கேட்டால், "பேட்டரி வீக்கும்மா" என்பார். அடுத்த தரம் டயர் சரியில்லை என்பார். மூன்றாவது தரம் அவர் போன பிறகு என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, வலது பக்கத்துக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். மாமியாரை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த அம்மாள் வண்டி கிளம்பியதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டு "ரங்கநாதா, ரங்கநாதா" என்று ஆரம்பித்துவிடுவார். மகளைச் சனிக்கிழமைதோறும் அனுப்பச் சொல்லிக் கேட்க அவருக்குக் கூச்சம், அவளுக்கும் அப்போது மசக்கை. "நீங்கதான் போகணும்" என்றாள் என்னிடம். ஆழம் தெரியாமல் சரி என்றேன்.

பயிற்சி டவுன் பஸ்ஸில் நடந்தது. டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப போலாமா? சொல்லுங்க" என்று விலாவில் இடிப்பாள். எதிரே வருகிற வண்டியை மட்டும் பார்த்தால் போதாது, சிவப்புக்கு மூச்சு கம்மி, அதனால் மற்ற வண்டிக்கு வேண்டியதைப் போல ஒன்றரைப் பங்கு இடம் வேண்டும் என்பாள். அப்பா மூன்றாவது கியருக்குக் கை வைத்த பிறகு சொன்னால்தான் பிரயோஜனம் என்பாள். முக்கியமாக, ஒரு தரம் "போலாம்" என்று சொல்லிவிட்டு நடுவில் "ஐயோ" என்று கத்தக்கூடாது. ஒரு நாள் நான் பாடத்தில் மும்முரமாகி "போலாம்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "நீ வந்து ஓட்றியா சார்?" என்றார். மீதி தூரம் முழுக்க அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை மாலைகளில் நான் போக ஆரம்பித்தேன். மாமனார் சந்தோஷமாகத்தான் கூட்டிக்கொண்டு போனார், ஆனால் என்னை நம்பவில்லை. "போலாம் மாமா" என்று நான் சொன்னதும் தன் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, என் மடிமேல் சாய்கிற மாதிரி கழுத்தை நீட்டித் தானும் ஒரு தரம் பார்ப்பார். அவர் பார்த்து முடிப்பதற்குள் வழி அடைபட்டுவிடும். ஒவ்வொரு தரமும் அவர் தலையில் தடவியிருந்த தேங்காயெண்ணெய் என் சட்டையில் ஒட்டும். எனக்கு ரோஷமாக இருக்கும். பெண்ணைக் கொடுத்தவர், வீட்டுச் சாவியைக் கொடுத்தவர், ஒரு "போலாம்" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கிக்கொள்ளவில்லையே என்று வீட்டில் வந்து புலம்புவேன். "உங்க கோப்புல இருக்கிறவங்க எல்லாம் நம்பிப் போனவங்கதானே, அவர் பாத்துட்டுப் போகட்டும்" என்பாள். அப்படிச் சொன்னாலும், ராத்திரி சட்டையைத் துவைக்கப் போடும்போது எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று அவள் தேடியதை நான் கவனித்திருக்கிறேன்.

பல்லாவரத்திலிருந்து திருநீர்மலைக்குத் திரும்பும் சாலையில் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே ஆமை நடை போட்டது. கூரையில்லாத வண்டி, தெறிக்கிற தண்ணீரெல்லாம் எங்கள் முகத்தில். எதிரே ஒரு பஸ் வந்தது, ஒரு ஆட்டோ வந்தது, அதற்கப்புறம் வெகுதூரத்துக்கு ஒன்றும் இல்லை. அவர் கை கியருக்குப் போயிருந்தது. "போலாம் மாமா" என்றேன். எண்ணெய்த் தலை வரும் என்று வழக்கம்போல நான் பின்னால் சாய்ந்து இடம் விட்டேன். தலை வரவில்லை. அவர் நேராகப் பார்த்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினார், வண்டி வெளியே வந்து லாரியைத் தாண்டியது. அந்தச் சில நொடிகளும் அவர் கண்ணால் பார்க்காத சாலையில், என் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் உயிரும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் காபி கேட்கும்போதுதான், "மாப்ள கண்ணு செட்டாய்டுச்சி" என்றார். தாலி கட்டிய அன்றைக்குக்கூட நான் அந்த வீட்டு ஆள் ஆகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அன்று தோன்றியது.

அதற்கப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள். ஒரு முறை அவரிடமே கேட்டேன், எல்லாக் கணக்கிலும் சாம்பல்தான் உசத்தி என்கிறீர்கள், கோயிலுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை பிடித்ததை எடுக்கிறீர்கள் என்று. "ஓட்டலன்னா துருப் பிடிச்சிடும் மாப்ள" என்றார். துரு சாம்பலையும்தானே பிடிக்கும் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

போன வருஷம் மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார், யாருக்கும் ஒரு கஷ்டமும் வைக்காமல். இரண்டு வண்டிகளும் எங்களுக்கு வந்தன. பெருங்களத்தூரில் நாங்கள் இப்போது இருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். எதை வைத்துக்கொள்வது என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஐந்து கியர், நல்ல பிரேக், மழைக்குக் கூரை. ஆபீஸ் குறிப்பு மாதிரி என் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாம்பலைக் குடுத்துடலாம்" என்றாள். அப்பா நினைவாக இருக்கட்டும் என்று கேட்கிறாள் போல என்று நினைத்து நானும் சரி என்றுவிட்டேன்.

வாங்க வந்தவர் மென்பொருள் வேலையில் இருக்கிற இளைஞர், பழைய கார்களில் பைத்தியம். சேலையூர் கொட்டகைக்கு வந்ததும் சிவப்பைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார். அது இல்லை, இதுதான் என்று சாம்பலைக் காட்டினேன். காட்டியபோது எனக்கே மாமனார் குரல் வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கியர், பிரேக், கூரை, வேகத்தடை என்று ஒன்று விடாமல் ஒப்பிட்டேன். பொய் சொல்லத் தெரியாத வாய், சிவப்புக்கு ஒரு மார்க்குகூடப் போடவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நியாயமாகத்தான் கேட்டார்: "அப்போ நல்ல வண்டியை ஏன் சார் விக்கிறீங்க?"

காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்த என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"அதை ஒரு ஆளே ஓட்டிடலாம் தம்பி. அதனாலதான்."