சக்கரத்துக்குள் சிவப்பு

பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்குத் துபாயில் பெயிண்ட் அடிக்கிற வேலை என்றார்கள். சுவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி அவர் திரும்பிப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒருநாள் வீடியோ காலில், யாருடைய காருக்கோ முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, போனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். உள்ளே வட்டமாக ஓர் இரும்புத் தட்டு. அதன் ஓரத்தைக் கவ்விக்கொண்டு, வெந்த நண்டின் கொடுக்கு மாதிரி சிவப்பாக ஒன்று.

"அந்தத் தட்டுக்குப் பேரு டிஸ்க். கவ்விக்கிட்டு இருக்குல்ல, அது காலிப்பர். பிரேக்கை மிதிச்சா இது அதைப் புடிச்சு வண்டியை நிப்பாட்டும்."

"சரி மச்சான், அதுக்கு எதுக்குச் சாயம்?"

"அழகுக்குத்தான்."

"சக்கரத்துக்குள்ள எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

"நீ பாக்குறேல்ல?" என்றார். பேச்சில் என்னையே மடக்கிவிட்டார். என்னை மடக்குவது லேசுப்பட்ட காரியமில்லை என்று என் மாமியார் சொல்வார்.

நாங்கள் இருப்பது கோட்டைப்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். வீட்டில் நானும் மாமியும்தான். மாமி என்றால் என் மாமியார். அவர் பிறந்த வீட்டில் விசைப்படகு உண்டு. உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அதனால் எங்கள் வீட்டில் இரும்பு என்றால் எண்ணெய். கதவுத் தாழ்ப்பாள், பூட்டு, கத்தரிக்கோல், கேட்டின் கீல் என்று எதையும் விடமாட்டார். தன் தம்பியின் படகிலிருந்து பழைய இன்ஜின் ஆயிலை ஒரு பாட்டிலில் வாங்கி வைத்துக்கொண்டு, துணியால் தொட்டுத் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்தக் கத்தரிக்கோலால் நான் துணி வெட்டிக் கறையாக்கிக்கொண்டு கத்தாத நாளில்லை.

இந்தத் தடவை லீவில் வந்த மனிதர் பெட்டியைத் திறந்தார். சென்ட் வரும், சாக்லேட் வரும் என்று மாமியும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கம்பி பிரஷ் வந்தது. அகலம் அகலமாக ஒட்டுகிற டேப் வந்தது. கையுறை வந்தது. "அடப்பாவி மனுசா!" என்று நான் எழுந்து போய்விட்டேன். பின்னாலேயே வந்து, "இனிமே நான் போகலைன்னு இருக்கேன்," என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை.

அறந்தாங்கியில் சின்னதாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவர் ஆசை. வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் கார் வாங்காமல் இருப்பதில்லை. அதை அழகுபடுத்தச் செலவழிக்கவும் யோசிப்பதில்லை. சக்கரத்துக்குள் சிவப்பு அடிக்கிற ஆள்தான் இந்தப் பக்கம் இல்லை. இப்படி அவர் ஆசையாசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமி குறுக்கே விழுந்தார்.

"போடா போ. இங்கிட்டு எவன் காசு குடுத்துச் சக்கரத்துக்குப் பூச்சுப் பூசுவான்? ஒழுங்கா டிக்கெட்டு எடுத்தபடி போய்ச் சேரு."

அன்றைக்கு எனக்கு மாமியின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பெற்ற பிள்ளையை விரட்டுகிற தாயும் உண்டா என்று அடுப்படியில் பாத்திரங்களிடம் கேட்டேன், மாமிக்குக் கேட்கும்படி. எனக்கு அவர் வேண்டும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே என்னோடு சண்டை போட, ராத்திரி சோற்றில் உப்பில்லை என்று சொல்ல, ஆள் வீட்டில் வேண்டும். போனில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கியில் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். மண்டபத்து வாசல் முழுக்கக் கார்கள் நிற்கும். எங்களிடம் இருப்பது பழைய கார்தான். அதற்கு அடித்து, வாசலில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்துவது. நாலு பேராவது நின்று விசாரித்தால் கடை போடுவது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லையென்றால் துபாய்.

"சரி" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினார். கம்பி பிரஷ்ஷால் காலிப்பரைத் தேய்த்துத் துருவை எடுத்து, தின்னரால் துடைத்து, ரப்பர் இருக்கிற இடத்துக்கெல்லாம் டேப் ஒட்டி, சூடு தாங்குகிற பெயிண்டை மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்த பிறகு இன்னொன்று. பெண்ணுக்கு மருதாணி வைக்கிறவள்கூட அவ்வளவு பொறுமையாக வைக்கமாட்டாள். டிஸ்க்குக்கு நடுக் குமிழிலும் ஓரத்திலும் மட்டும் கறுப்பு அடித்தார். இரண்டுக்கும் இடையே பளபளவென்று இருக்கிற வளையத்தைத் தொடவேயில்லை.

"அங்க மட்டும் ஏன் விட்டுட்டீக?"

"பிரேக் கவ்வுற எடம் அது. ஒரு சொட்டுப் பெயிண்ட் பட்டாக்கூட வண்டி நிக்காது."

மாமி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பூச்சுப் பூசிக் கிழிச்சே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சனிக்கிழமை சாயங்காலம் சக்கரங்களை மாட்டியபோது, எங்கள் ஓட்டைக் காருக்கு அப்படி ஒரு களை. நான் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் நின்று பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "குனிஞ்சு பாக்க ஆளு இல்லைன்னே?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, பின்சீட்டில் சென்ட் மணக்க மாமி. வண்டி தெருமுனைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். கிரீச் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "யா அல்லாஹ்!" என்று நான் கத்த, அவர் ஹேண்ட்பிரேக்கை இழுக்க, முனையில் குவித்திருந்த வலைக் குவியலுக்குள் வண்டி பொதுக்கென்று போய்ச் சொருகி நின்றது. யாருக்கும் ஒரு கீறலில்லை. முன்பக்கம் முழுக்க வலை.

அவர் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குள் விரலை விட்டு முகர்ந்தார். முகம் மாறிப்போனது.

"ஆயிலு! யாரு இதுல ஆயிலைத் தடவுனது?" என்று என்னைப் பார்த்தார்.

"என்னைய என்ன பாக்குறீக? எனக்கென்ன கிறுக்கா?" என்று நான் பதிலுக்குக் கத்தினேன். பின்சீட்டில் சத்தமே இல்லை. இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். மாமி கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார்.

"விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு வந்து பாத்தேன். நீ பூச்சுப் பூசாம விட்டேல்ல, அந்த எடமெல்லாம் ராத்திரி காத்துக்குத் துரு ஏறிப்போயி, பழுப்பா நின்னுச்சு. நாலு பேரு பாக்குற வண்டி. அதான் சக்கரத்துக் கம்பிக்குள்ள கையை விட்டு ஆயிலத் தொட்டுத் தொடச்சேன்."

"பிரேக்கை ரெண்டு மிதி மிதிச்சா அந்தத் துரு தானாப் போயிரும்மா!"

"நீ பெயிண்ட் படக் கூடாதுன்னுதானே சொன்னே? எண்ணெய் படக் கூடாதுன்னு சொல்லலையே!"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீதானே கடையும் வேணாம் ஒண்ணும் வேணாம், போன்னு சொன்னே? இப்ப என் வண்டி அழகா இருந்தா என்ன, துருப்புடிச்சா ஒனக்கென்ன?"

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்த மனுஷி அழுது நான் பார்த்ததேயில்லை.

"நீ போகக் கூடாதுன்னுதான்டா தொடச்சேன். இருடான்னு நான் வாய் விட்டுச் சொல்லி, நாளைக்குக் கடை ஓடலைன்னா, அம்மா பேச்சைக் கேட்டுக் கெட்டேன்னு சொல்லுவே. அதைக் கேட்டுக்கிட்டு நான் எப்புடி உசுரோட இருக்கறது? அதான் போ போன்னேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் வந்து வலையை விலக்கி, வண்டியை வீட்டு வாசல் வரைக்கும் தள்ளிக் கொடுத்தார்கள். நிக்காஹுக்குப் போகவில்லை. ஒருத்தர் கண்ணிலும் அந்தச் சிவப்பு படவில்லை. வண்டியை ஓட்ட வேண்டுமானால் எண்ணெய் ஊறிப்போன பிரேக் பேடையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஜாக்கி வைத்தார். பிறகு மாமி கையில் பெட்ரோல் நனைத்த துணியைக் கொடுத்து, "நீ பூசுனதை நீயே தொடை," என்றார். தாயும் மகனும் ஆளுக்கொரு சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்தார்கள். நான் சேலையைக்கூட மாற்றாமல் வாசற்படியில் நின்றேன். போயிற்று, துபாய்தான் என்று மனசு அடித்துக்கொண்டது.

அரைமணி நேரம் கழித்து அவர் எழுந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தார். துபாய்க் கடை முதலாளியிடம் மலையாளத்தில் பேசினார். எனக்கு அந்த மொழி பாதிதான் புரியும். புரிந்த பாதியே போதுமாக இருந்தது.

மாமி தரையில் உட்கார்ந்தபடியே என்னைக் கேட்டார், "என்ன சொல்றான்?"

"வரலையாம் மாமி. வேற ஆளைப் பாத்துக்கிறச் சொல்றாக."

"ஒருத்தரும் பாக்கலையேடா!" என்றார் மாமி மகனிடம்.

"நீ பாத்தேல்ல," என்றார் அவர், போனைப் பையில் போட்டுக்கொண்டே.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகும் விடவில்லை. காலமாகிப்போன மாமாவைப் பற்றி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் அவர் பேசியதேயில்லை. மாமாவும் காலமெல்லாம் சவுதியில் இருந்தவர்.

"எனக்குப் புருஷன் லீவுலதான் ஆத்தா இருந்தாரு," என்றார். "ஒனக்கு அப்புடி வேணாம்."

நான் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் கையிலிருந்த ஆயிலெல்லாம் என் பட்டுச்சேலை முதுகில் அப்பியது. அப்பட்டும் என்று நின்றேன்.