ஆட்சேபம் உண்டா?

செனட் அவைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கட்சி அறையில் வெர்லீன் டாலிவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. போன் செய்வதுதான் அவள் வேலை. தலைவர்கள் ஒரு முடிவுக்கு வந்ததும் எங்கள் உறுப்பினர்களின் அலுவலகங்களைக் கூப்பிட்டு, "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பாள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். ஒரே ஒருவர் 'உண்டு' என்றால் போதும், அன்றே முடிய வேண்டிய ஓட்டெடுப்பு நாள்கணக்கில் இழுக்கும்.

அந்த அக்டோபரில் செலவு மசோதா நிறைவேறாததால் பணமில்லாமல் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. வெர்லீனின் தங்கை ஒடெஸாவுக்கு நுரையீரலில் புற்று. அரசு ஆராய்ச்சி மருத்துவமனையில் புது மருந்துச் சோதனைக்கு அவளைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தார்கள். அரசாங்கம் மூடியதும் புது நோயாளிகள் யாரையும் எடுப்பதில்லை என்றுவிட்டார்கள்.

"உன் ஆளுங்க இன்னும் சண்டை முடிக்கலையாக்கா? சின்னப் பிள்ளைங்கன்னா இதுக்குள்ள பழம் விட்டிருக்கும்" என்பாள் ஒடெஸா.

ஒரு வியாழக்கிழமை, மசோதாவை அன்றே ஓட்டுக்கு விட இரண்டு கட்சித் தலைவர்களும் ஒத்துக்கொண்டார்கள். வெர்லீன் அவசரமாக எண்களை அழுத்தினாள். ஒரு செனட்டரின் அலுவலகத்தில் உதவியாளன் கிரேடி எடுத்தான். அவன் குரல் என் மேசை வரை கேட்டது.

"எங்க ஐயாவுக்கு ஆட்சேபம் இருக்கு, வெர்லீன். அவரோட திருத்தத்துக்குத் தனியா ஒரு ஓட்டு வேணும்."

"அது தோத்துடுமே, கிரேடி."

"தோக்கட்டுமே! கேட்டுப் பாத்தேன்னு ஊர்ல சொல்லிக்கணும்ல?"

வெர்லீன் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"தங்கச்சி விஷயத்தைச் சொல்லேன்" என்றேன்.

"இது தலைவரோட போன், என்னோடது இல்ல."

கையை எடுத்தவள், வழக்கமான குரலில், "தலைவர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

பேரம் தொடங்கியது. அவர் திருத்தத்துக்கு ஒரு ஓட்டு கொடுத்தால் எங்கள் திருத்தத்துக்கும் ஒன்று வேண்டும் என்றது எதிர்க்கட்சி. தலைவரின் ஆட்கள் அறைக்கு அறை நடந்தார்கள். ஆளுக்கொரு ஓட்டு என்று திங்களன்றுதான் படிந்தது. திருத்தங்கள் இரண்டும் தோற்றன, மசோதா ஜெயித்தது. கிரேடி அவன் ஊர் பீகான் கொட்டை ஒரு டப்பா கொண்டுவந்து எங்கள் அறையில் வைத்துவிட்டுப் போனான்.

புதனன்று மருத்துவமனை கூப்பிட்டது; வெர்லீன் தங்கையைக் காரில் கூட்டிப் போனாள். துணையில்லாமல் நடக்கிறவர்களை மட்டும்தான் அந்தச் சோதனைக்கு எடுப்பார்கள். வெள்ளி வரை குப்பைத் தொட்டியைத் தானே தெருவுக்கு இழுத்துப் போன ஒடெஸா, ஞாயிறன்று குளியலறையில் விழுந்திருந்தாள். அதன் பிறகு அவளால் தனியாக எழ முடியவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

திரும்பும் வழியில் காரில் ஒடெஸா கேட்டாளாம். "அந்த ஆள் தடுத்தாருல்ல, அவங்க ஆபீஸ்ல என்னைப் பத்திச் சொன்னியாக்கா?"

"இல்லடி."

ஒடெஸா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"திட்டியிருந்தா பரவாயில்ல. வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல" என்று வெர்லீன் என்னிடம் சொன்னது நவம்பரில், அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று. அந்தக் கொட்டை டப்பா பிரிக்காமலே அலமாரியில் இருந்தது. அதை எடுத்து வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்து, போனை எடுத்தாள்.