ஏழாம் கிண்ணத்தில் துடித்தது

அன்று ஆய்வகப் பதிவேட்டில் நான் குறித்த நேரங்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அதனால்தான் இதைக் கனவென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

என் பெயர் ரெனிட்டா. ராஜபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் எலும்பு வளர்க்கும் ஆராய்ச்சி செய்கிறேன். மின்சாரம் கடத்தும், தேன்கூடு போல ஓட்டை ஓட்டையான வில்லைகளில் ஸ்டெம் செல்களை வளரவிட்டு, கிண்ணங்களில் வைத்து லேசான கரண்ட் கொடுப்போம். செல்கள் மெல்ல எலும்பாக மாறும். ஏழாம் கிண்ணத்தில் இருந்தவை வன்னியம்பட்டி தவசிமுத்து அண்ணனுடையவை. லாரி மோதி நசுங்கிய அவர் வலது காலை ஆஸ்பத்திரியில் எடுத்தபோது, அந்த எலும்புக்குள்ளிருந்து கிடைத்தவை. அவரிடம் கையெழுத்து வாங்கியது நான்தான்.

போன ஐப்பசி. நல்ல மழை. மாலை 5.52க்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் ஓடவில்லை. பேட்டரியில் ஓடும் மீட்டர் மட்டும் வெளிச்சமாக இருந்தது. பன்னிரண்டு கிண்ணங்களுக்கும் அது பூஜ்யம் காட்ட வேண்டும்.

ஏழு மட்டும் துடித்தது.

கரண்ட் கொடுக்கும் வயரைப் பிடுங்கினேன். துடிப்பு நிற்கவில்லை. கூட வேலை பார்க்கும் ரியாஸுக்கு போன் போட்டேன்.

"ஏழுல சிக்னல் வருது ரியாஸ். கரண்டே இல்ல."

"மீட்டர் கோளாறா இருக்கும். செத்த நேரம் இரு, வாரேன்."

6.10. வராந்தாவில் சத்தம்.

டக்… தப். டக்… தப்.

ஊன்றுகோல் ஒன்று. கால் ஒன்று.

"யாரு?"

சத்தம் கதவருகே நின்றது. கதவு திறக்கவில்லை.

ஆனால் சத்தம் உள்ளே வந்தது…

டக்… தப். என்னைக் கடந்தது. ஆஸ்பத்திரி வாடை.

கிண்ணங்கள் இருந்த இன்குபேட்டர் முன்னால் நின்றது.

மீட்டரில் துடிப்பு வேகமானது… இன்னும் வேகமானது…

பூஜ்யம்.

சத்தம் திரும்பிப் போனது. ஊன்றுகோல் இல்லை.

தப். தப். தப். தப்.

இரண்டு கால்.

ரியாஸ் வந்தபோது நான் மேஜைக்கு அடியில் கிடந்தேனாம். மறுநாள் ஏழாம் கிண்ணத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். வில்லை மட்டும் இருந்தது. செத்த செல்கூட ஒன்று இல்லை. மற்ற பதினொன்றும் நன்றாக இருந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்த அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் மனைவி அழகுத்தாய் எடுத்தார்.

"அவிய நேத்தே போயிட்டாவம்மா. சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கயில."

பதிவேட்டைப் புரட்டினேன்: கரண்ட் போனது 5.52. அவரே தொடர்ந்தார்.

"கடைசியா என்னையப் பாத்து, 'நீ இங்கனயே இரு. நான் போயி என் காலை வாங்கிட்டு வந்துடுதேன்'னாவ."