யோசப்பின் பார்க்காத கோல்கள்

மன்னாரிலிருந்து 1990இல் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த ஜோக்கிம், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் வசதியான ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் சமையல் வேலை செய்தான். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி அவன் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரன். பின்னால் ஓடி வந்து பந்தை மறிக்கச் சொன்னால், "அதுக்குத்தானே நீங்கள் பத்துப் பேர் நிக்கிறியள்?" என்பான். கழகச் செயலாளரான எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த நிமிடமே ஒரு கோல் அடித்து என் வாயை அடைத்துவிடுவான்.

ஆட்டங்கள் ஞாயிறு பின்னேரம் நடந்தன. எங்களில் பலருக்கு அன்றுதான் ஓய்வு. ஜோக்கிமுக்கு அதுவும் இல்லை. சிஞ்ஞோராவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஞாயிறு மதியம்தான் சாப்பிட வருவார்கள். எல்லாம் கழுவி அடுக்கி முடியப் பொழுது சாய்ந்துவிடும். லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்று எங்களுக்குப் பயம். கேட்காமல், சொந்தத்தில் யாரையாவது பதிலுக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஜோக்கிம் தன் மனைவி யோசப்பினை அனுப்பினான். கிழமை முழுக்க வேறொரு வீட்டில் வேலை செய்து, இருந்த ஒரே ஓய்வு நாளையும் அவள் அங்கே கழித்தாள்.

இப்படியே ஏழு வருடம். ஆட்டம் முடிந்ததும் அவன் வீட்டில் கூடி, அவன் அடித்த கோல்களை ஆளுக்கொரு மாதிரி விவரிப்போம். யோசப்பின் தேத்தண்ணி தந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

முப்பத்தொன்பது வயதில் ஜோக்கிமின் முழங்கால் வீங்கத் தொடங்கியது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஆட்டத்தோடு நிறுத்தப் போவதாகச் சொன்னான். "ஒரு கோலெண்டாலும் அவ பாக்கவேணும்," என்றான் என்னிடம். அந்த ஆசையில், முதன்முறையாகச் சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டான். அவள் உடனே சம்மதித்தாள். அன்றைக்கு மகள் வீட்டில் சாப்பிடலாம், இவ்வளவு காலமும் ஏன் கேட்கவில்லை என்றாளாம். ஜோக்கிம் இதைப் பெரிய பகிடியாக எங்களுக்குச் சொன்னான். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். யோசப்பின் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு அவள் மைதானத்து மதிலில் வந்து அமர்ந்தாள். ஜோக்கிம் பந்தைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். ஆட்டம் முடியும் தறுவாயில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வேறு யாரையும் அவன் பந்துக்குக் கிட்ட விடவில்லை. ஒருமுறை மதில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு உதைத்தான். எதிரணிக் கோல் காப்பாளன் தனேஸ் பாய்ந்து விழுந்து தடுத்துவிட்டான். யோசப்பின் துள்ளி எழுந்து கைதட்டினாள். பாவம், கோல் என்று நினைத்துவிட்டாளாக்கும் என்றுதான் எனக்குப் பட்டது.

திரும்பி நடக்கும்போது ஜோக்கிம், "கால் சறுக்கிப்போச்சு," என்றான்.

"பரவாயில்லை. நீங்கள் அடிச்சதெல்லாம் பெடியள் சொல்லி எனக்குத் தெரியும்தானே," என்றாள் யோசப்பின். கொஞ்சத் தூரம் போனபிறகு சொன்னாள்: "எனக்கு இந்த விளையாட்டுப் பிடிச்சிட்டுது. வாற ஞாயிறு நீங்கள் வேலைக்குப் போங்கோ. நான் மட்ச் பாக்கப் போறன்."

அவன் போனான். அதன்பிறகு ஞாயிறுகளில் வேலை முடித்து வீட்டுக்கு வந்து, யார் கோல் அடித்தது என்று அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டான்.