புத்தகத்தின் மேல் கால்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறேன். புடவை விரித்துக் காட்டும் மெத்தையில் செருப்பு ஆகாது. நாள் முழுக்க வெறுங்காலோடுதான் நிற்பேன். வெடித்துப்போன அந்தப் பாதத்தைத்தான் என் மகள் தன் படிப்புக்கு எடுத்துக்கொண்டாள். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு. பட்டினப்பாக்கத்தில் எங்கள் ஒற்றை அறையில் மிஷின் ஒன்றுதான் குறை. பாய் இருந்தது, படுக்க நான் இருந்தேன்.

செய்முறைத் தேர்வில் அவள் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். பாதத்தைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேசட் என்று தட்டையாக ஒரு பெட்டி. படம் அதில்தான் விழும். நோயாளி அதன்மேல் பாதத்தை வைக்க வேண்டும். நோயாளியாக உட்கார்ந்த தோழி கால் வைத்ததும், என் மகள் குனிந்து கேசட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம்.

"எக்ஸ்ரே எடுக்க வந்தியா, சாமி கும்பிட வந்தியா?" என்று தேர்வு நடத்த வந்த அம்மா கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதன்பிறகு இவளுக்கு வலது எது, இடது எது என்றே தெரியவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். பழைய பேப்பரில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். கை தானாகப் போகும். அதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

மறுதேர்வு நெருங்க நெருங்கச் சாப்பாட்டை விட்டாள். "இந்த வாட்டியும் போச்சுன்னா நான் காலேஜ் பக்கமே போவ மாட்டேன்" என்றாள். கத்திச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். என் மனைவிக்குத்தான் கோபம் வந்தது. "அப்பனும் பொண்ணும் வாயில்லாத பூச்சிங்க. சிரிச்சாளே அந்தம்மா, ஒரு வார்த்த திருப்பிக் கேட்டியாடி?"

அதுவரை மணைப்பலகையில்தான் கால் வைத்துப் பழகினோம். தேர்வன்று காலை அவள் பலகையைத் தள்ளிவிட்டு, தன் அனாட்டமி புத்தகத்தைத் தரையில் வைத்தாள்.

"இதுல வை நைனா."

"புக்கும்மா அது."

"தெரியும். பலகன்னா கை சும்மா கீது. இதுல வச்சா கண்டிப்பா போவும். போவாம புடிக்கணும்."

"வேற எதுனா..."

"எனக்கு டைம் இல்ல நைனா." என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வைத்தேன். அட்டை ஜில்லென்று இருந்தது. அவள் என் முழங்காலை உள்பக்கமாகச் சாய்க்க, பாதத்தின் வெளி ஓரம் மெல்ல எழும்பியது.

"இப்பிடி சாய்ச்சாதான் சுண்டுவிரல் பக்கம் கீற எலும்புங்க ஒண்ணு மேல ஒண்ணு விழாது. அசையாத."

"நான் அசையல. அதுவா அசையுது."

"அசையாதன்றேன்ல."

காலை எடுத்தபோது எங்கள் இருவர் கையும் ஒன்றாகப் புத்தகத்துக்குப் போய் முட்டிக்கொண்டன. அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "இன்னொரு வாட்டி." திரும்பத் திரும்ப வைத்தேன். கிளம்ப நேரமாகிவிட்டது. கடைசித் தடவையும் அவள் கை பாதி தூரம் போய்த்தான் நின்றது. இன்னொரு கையால் அதைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளோடு நானும் போனேன். கல்லூரி வாசலில் வாட்ச்மேனிடம் உள்ளே விடுவாயா என்று கேட்கக் கூச்சம். எதிரே டீக்கடை ஓரமாக நின்றேன். வாங்கிய டீ ஆறிப்போனது. ஒவ்வொரு பெண்ணாக வெளியே வந்தார்கள், சிலர் சிரித்துக்கொண்டு. வெகு நேரம் கழித்து இவள் வந்தாள்.

"இன்னா வந்துச்சு?"

"காலுதான்."

"செஞ்சி முடிச்சியா?"

"முடிச்சேன்."

மேலே கேட்கப் பயமாக இருந்தது. அவளே சொன்னாள்.

"கை கண்ணுகிட்ட போயிடுச்சு நைனா. முடிய ஒதுக்கற மாதிரி ஒதுக்கிக்கினேன்."

"அந்தம்மா பாத்தாங்களா?"

"தெரில. எழுதிக்கினே இருந்தாங்க."

பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தும் இருவரும் நின்றுகொண்டே வந்தோம்.