எதற்கு நன்றி என்று சொல்லத் தெரிந்தவர்

பழங்காநத்தம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அதிர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை ரோஸ்லின் டீச்சர் காலமாகிவிட்டார் என்று எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி. சற்று முன்புதான் ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நன்றி என்று கைகூப்பும் படம் போட்டிருந்தார். இப்போது அதன் கீழே வரிசையாக அதே கைகூப்பும் படங்கள். நன்றிக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். நானும் ஒன்றைத் தட்டிவிட்டுக் கத்தரிக்காயை எடை போடக் கொடுத்தேன். நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய வழக்கம் தெரியும். தினமும் யாராவது ஒருவரிடம் போய், அவர் செய்த சின்னக் காரியம் ஒன்றைக் குறிப்பிட்டு நன்றி சொல்வார். ஒருநாள் வகுப்பறை பெருக்கும் பேச்சியம்மாளிடம், "பேச்சி, நேத்து சாக்பீஸ் தூளை ஈரத்துணி வச்சுத் தொடச்சிருக்க. இன்னைக்கு எனக்கு இருமலே வரலை. ரொம்ப நன்றிம்மா" என்றார். பேச்சியம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டார். "ஏதும் தப்பாச் செஞ்சுட்டனா டீச்சர்?" என்று கேட்டார். ஒருவர் பாராட்டினால் பின்னாலேயே ஒரு வேலையோ ஒரு குத்தலோ வரும் என்றே நாம் பழகியிருக்கிறோம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஐஸ் வைக்கிறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல டீச்சர்" என்று கிண்டல் செய்வேன். ஒருமுறை தேர்வு வேலைக்காகத் திருப்பரங்குன்றம் போகும் பஸ்ஸில் அதற்குப் பதில் சொன்னார்.

"பெரிய வித்தையெல்லாம் இல்ல சார். ஒரு நாளைக்கு ஒரு ஆளு. என்னத்துக்குன்னு சொல்லணும். மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அன்னைக்கே சொல்லிரணும். அம்புட்டுத்தான்."

"இதுல உங்களுக்கு என்ன கெடைச்சுச்சு?"

"சாயந்தரம் வீட்டுக்குப் போறப்ப யாரு மேலயும் கோவம் இருக்காது சார்."

எங்கள் பள்ளியில் அவரை வேலை வாங்காத ஆளே கிடையாது. திருப்பி அவருக்கு நன்றி சொன்னவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் என் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியது அவர்தான். தனக்குப் பழக்கமில்லாத பாடத்தை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து நடத்துவார். பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள். ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் எனக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார். நிர்வாகத்துக்கு நன்றி சொன்னேன், பெற்றோருக்குச் சொன்னேன், பந்தல் போட்டவருக்கும் சொன்னேன். ரோஸ்லின் டீச்சர் பெயரைச் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. சொன்னால் பொன்னாடை அவருக்கல்லவா என்று கேட்பார்களே என்ற பயம்.

விழா முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார். "சார், உங்க நோட்டுல ஒவ்வொரு கணக்கையும் ஒரு படி விடாம எழுதி வச்சிருந்தீக. அது இல்லைன்னா நான் திண்டாடிருப்பேன். ரொம்ப நன்றி சார்" என்றார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "சரி, சரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை அவரைக் கண்டால் தலையாட்டுவதோடு சரி.

அடக்கத்துக்கு ஆனையூர் போயிருந்தேன். வாசலில் நின்ற டீச்சரின் மகளிடம் நான் இன்னார் என்று சொன்னேன்.

"நீங்கதான் கணக்கு சாரா? அம்மா உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாக. சார் எம்மேல என்னமோ கோவமா இருக்காரு, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னுதான் தெரியலைம்பாக. என்ன சார் கோவம்?"

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நண்பர்களே, அந்தப் பெண்ணும் படிப்பார் என்றே இதை எழுதுகிறேன். அம்மா, உங்கள் தாயார் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த ஆண்டு என் பிள்ளைகளைக் கரையேற்றியவர் அவர். பேர் வாங்கிக்கொண்டவன் நான். கோபம் என்று அவர் நினைத்தது என் வெட்கம். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு நல்ல வார்த்தை. அதையும் இத்தனை நாள் வசவு என்றே எண்ணி வைத்திருந்தேன்.